முனி அடித்த குடும்பம்

நோய் என்றால் என்னவென்றே அறியாத குடும்பம் உலகத்தில் தங்களுடையது ஒன்றுதான் என்பது ரவிகுமாரின் உறுதியான நம்பிக்கை. வத்தேகமயில் அவனுடைய கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களிடமும் அதைச் சொல்லித்தான் அனுப்புவான். அவன் வம்சத்து ஆண்கள் முனி அடித்துத்தான் சாவார்கள். அப்பா மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது. பெரியப்பா தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறும்போது. சித்தப்பா காவடி ஆடும்போது.

பஸ்ஸைப் பிடிக்க ஓடிய தங்கை சஞ்சீவனி ஒருநாள் மயங்கி விழுந்தாள். டொக்டர் முனியை விட்டுவிட்டு இதயத்தைப் பார்த்தார். தசை தடித்திருக்கிறதாம், பரம்பரையாக வரக்கூடியதாம். குடும்பத்தில் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று விசாரித்து வரச் சொன்னார். கலஹாப் பக்கத்துச் சொந்தங்கள் வீட்டிலெல்லாம் அவளுக்குத் தேத்தண்ணி கிடைத்தது, விவரம் கிடைக்கவில்லை. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் தேத்தண்ணியும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் கடையில் சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"என்ன தங்கச்சி, செத்தவங்க எல்லாம் சொகமா இருக்காங்களா?"

"கால் வலிக்குதுண்ணே. நீங்க ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்களேன்."

"அதுல முனி தெரியுமா?"

"தெரியாது. நெஞ்சு தெரியும்."

"ஊர் ஊராப் போயி எழவு விசாரிக்கிறவ ஒனக்குத்தான் அது வேணும். நான் ஒரு கெடா வெட்டுனாப் போதும்."

"ஒங்க மக துஷானி ஸ்கூல்ல ஓட்டப்போட்டிக்கு ஓடுறாளாமே?"

"பின்னே? நம்ம ரத்தம்ல."

"அதாண்ணே பயமா இருக்கு."

அவன் ஆணி நிறுக்கப் போய்விட்டான். அவளுக்கும் வாதாடத் தெம்பில்லை.

மிச்சமிருந்தது புசல்லாவையில் பேச்சியம்மா அத்தை மட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், தோட்டத்து லய வீடுகளுக்குப் போகும் படிகளை நின்று நின்று ஏறினாள் சஞ்சீவனி. அத்தை வீட்டு வாசலில் அண்ணனுடைய செருப்பு கிடந்தது. உள்ளிருந்து அவன் குரல், கடையில் ஒருநாளும் கேட்காத தணிந்த குரல், வந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை. முனி அடிக்கிறதுக்கு முந்தி அப்பா எப்பயாச்சும் மயங்கி விழுந்திருக்காரா? நேத்து ஓடிட்டு வந்த புள்ள கண்ணு இருட்டுதுன்னு தரையில சாஞ்சிட்டா, அத்தை."

உள்ளே போனால் கேட்பதை நிறுத்திவிடுவான். சஞ்சீவனி சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.