மாமன் கேபிள்

மலைக்கிராமமான பூண்டியில் வீட்டுக்கு இன்டர்நெட் தருபவர்கள் இரண்டே பேர்: ஜெயப்பிரியாவின் தாய்மாமனும் ஒரு கொடைக்கானல்காரனும். அவள் கொடைக்கானல்காரனிடம் வாங்கலாம் என்றாள். அப்பா கேட்கவில்லை.

"மாமன் கேபிள் வச்சிருக்கப்ப வெளியாள்ட்ட வாங்குனா, நாளைக்கு ஒங் கல்யாணத்துல தாய்மாமன் மாலைய யாரு போடுவா?"

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அந்த வாரமே மாமா தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். முடியாது என்றாள். மறுநாள் நெட் செத்துக் கிடந்தது.

"காட்டுமாடு ஒயர அத்துருச்சு தாயி" என்றார் மாமா போனில்.

"மரத்து மேல கட்டுன ஒயர காட்டுமாடு ஏறியா அத்துச்சு?"

"வெரசா நல்ல பதிலாச் சொல்லு, ஒட்டிருவோம்."

இன்றைக்குள் லாகின் ஆகாவிட்டால் வேலை போய்விடும்; அந்த ஊர் செல்போன் சிக்னலில் பேச மட்டும்தான் முடியும். அப்பா தரையைப் பார்த்தபடி, "சரின்னுதான் சொல்லிரேன் கண்ணு" என்றார்.

"நீங்க நெட்டு வாங்கலப்பா, என்னைய வித்திருக்கீங்க."

சாயங்காலம் வேலை கொடுத்தவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.