ஏழு கட்டம் நடந்த ராஜா

சட்டைக்கு இஸ்திரி போட நான் பிடுங்கிய பிளக்கில் அறுபத்தொரு மணி நேர யோசனை இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தது என் மனைவியின் கம்ப்யூட்டர். நான் அவ்வளவு நேரம் யோசித்ததாக வரலாறு இல்லை. மேசைக்கு அடியில் மூன்று பிளக்குகள். இது விளக்குக்கானது என்று நினைத்தேன். இஸ்திரிப் பெட்டி சூடானது, திரை கருத்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மற்ற நேரத்தில் தபால் செஸ் ஆடுவாள். பெயரில்தான் தபால், இப்போதெல்லாம் இணையத்தில்தான். ஒரு காயை நகர்த்த நாள் கணக்கில் அவகாசம் உண்டு, கம்ப்யூட்டரைக் கேட்கவும் விதியிலேயே அனுமதி உண்டு. எதிராளியும் கேட்பார். இந்த எதிராளி ஏதோ தூர தேசத்துப் பல் டாக்டர். இது கடைசி ஆட்டம். ஜெயித்தால் அவளுக்கு மாஸ்டர் பட்டம், சமன் ஆனால் ஒன்றுமில்லை. அடுத்த நகர்த்தலுக்கு இரண்டே நாள் பாக்கி.

சாயங்காலம் வந்தவளிடம் சட்டையோடு நின்று உண்மையைச் சொன்னேன்.

"எத்தனை மணிக்குப் பிடுங்கினீங்க?"

"பத்தரைக்கு."

சட்டையை வாங்கிப் பார்த்தாள். "காலர் சுருங்கியிருக்கு."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். இனிமேல் பாத்திரம் தேய்ப்பது என் பொறுப்பு என்று நானாகவே அறிவித்தேன். ஒரு பேச்சுக்குக்கூட அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே மரப்பலகையில் காய்களை அடுக்கினாள். ராஜாவை ஒரே ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி, அதையே அனுப்பினாள். மறுபடி உயிர்பெற்ற கம்ப்யூட்டர் "சமம்" என்றது. சில நாள் கழித்து இன்னொரு கட்டம். சமம். பலகை நடுவில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ராஜா காலாற நடந்துகொண்டிருந்தார். பல் டாக்டர் தன் யானையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உலாத்த விட்டார். அவர் மெஷினும் சமம் என்றே தாலாட்டியிருக்கும்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவன். மனைவியைப் பற்றிப் பீற்றிக்கொள்வது உபதொழில். கற்றுக்கொள்ள வந்த தையல்காரர் ஒருநாள் கேட்டார்.

"மாஸ்டர், அங்கயும் மெஷின், இங்கயும் மெஷின். நடுவுல உங்க வீட்டம்மாவுக்கு என்ன வேலை?"

"பிரேக்கைப் பாருங்க," என்றேன்.

"வண்டி நிக்குது மாஸ்டர்."

சுருக்கென்றது. ஏனென்றால் அதே கேள்வியை நானும் வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறேன். "ஆடுறது நீயா, அதுவா?" என்பேன். "வெங்காயம் இருக்கான்னு பாருங்க," என்பாள்.

ஏழாவது கட்டத்தில் ராஜா பலகையின் இடது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் காலி செய்த பக்கத்தில் அவள் ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினாள். வழி திறந்தது, யானைகள் இறங்கின. அப்போதுதான் கம்ப்யூட்டர் தூக்கம் கலைந்து அவள் பக்கம் புள்ளி ஏற்றத் தொடங்கியது. அடுத்த பன்னிரண்டு நகர்த்தலில் பல் டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினார்: "வாழ்த்துகள். நீங்கள் வைத்திருப்பது எந்த மெஷின்?"

அதை என்னிடம் காட்டி, தன் நெற்றியைத் தட்டி, "பழைய மாடல், நாப்பத்தாறு வருஷம் ஓடினதுன்னு எழுதவா?" என்றாள்.

ஊரையே கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் மாஸ்டர் இனி நான் மட்டுமில்லை, அதிலும் அவள்தான் அசல். ஆனாலும் ஓர் ஆசை. தட்டைத் துடைத்தபடியே கேட்டேன். "வெங்காயம் நிறைய இருக்கு, நேரா பதில் சொல்லு. நான் அன்னைக்குப் பிளக்கைப் பிடுங்கலேன்னா ராஜா நடந்திருப்பாரா? இதுல எனக்கும் ஒரு பங்கு உண்டுன்னு தையல்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"நடந்திருப்பாரு. நீங்க பிடுங்குறதுக்கு மூணு நாள் முந்தியே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப ஆறு மாசமா நான் பாத்திரம் தேய்ச்சது?"

"நல்லாத் தேய்க்கிறீங்க. அதான் சொல்லல."

"அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு ராப்பகலா ஓடுச்சு?"

தட்டை என் கையிலிருந்து வாங்கி அடுக்கினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் நினைச்சதுல எங்கயாவது ஓட்டை இருக்கான்னு தேடத்தான். அன்னைக்குக் காலைல வேலைக்குக் கிளம்புறப்பவும் பாத்தேன், ஒண்ணும் கிடைக்கல அதுக்கு. ஆடினது நான்தாங்க."