பாசிக் கஷாயம்

தம்பி கொண்டுவந்த கேனின் மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் நாறியது. "என்னடா இது, செத்த கடலைப் பிழிஞ்சு எடுத்துட்டு வந்திருக்கியா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வராது. கடற்பாசியிலிருந்து சத்து இறக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க அதிலேயே கிடந்து மூக்கு மரத்துப் போயிருக்க வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் அவனைப் பாசி என்றுதான் கூப்பிடுகிறோம். அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான்.

"இது மருந்து இல்லக்கா, சத்து. ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. விதைய அதுல ஊற வச்சு, நிழல்ல உலர்த்தி, அப்புறம் விதைக்கணும். முளை சீக்கிரம் வரும். வேர் நல்லா ஓடும்."

"கஷாயம்னு சொல்லு."

"சரி, கஷாயம்."

நானும் என் கணவரும் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறோம். நிழல்வலைப் பந்தலின் கீழ், குழித்தட்டுகளில் தென்னை நார்த்தூளை நிரப்பி, மிளகாயும் தக்காளியும் விதைத்து, நடுகிற பருவத்தில் விவசாயிகளுக்குக் கொடுப்போம். இரண்டு வருஷமாக விதை பாதிகூட முளைக்கவில்லை. விதைக் கம்பெனியைத் திட்டினோம். வெயிலைத் திட்டினோம். நார்த்தூள் விற்றவனைத் திட்டினோம். வெளியே திட்ட ஆள் தீர்ந்ததும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் விதை கோணல் என்றோம்.

இந்த விதைப்பும் பொய்த்தால் பண்ணையைப் பூட்டிவிட்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். அண்ணனின் குடோனில் இவருக்குக் காவல் வேலை, மாடியில் எங்களுக்கு ஒரு அறை. வேலை கெட்ட வேலை இல்லை. ஆனால் என் ஓரகத்தியின் அடுப்படியில் அவள் சொல்லும் இடத்தில் நான் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருக்கோ தட்டுகளைத் தவிர வேறு எதையும் காவல் காக்கத் தெரியாது.

கேன் கொண்டுவந்த அன்றைக்கே பாசி இன்னொன்றும் கேட்டான். "மாமா, ஒரு பாட்டில் கிணத்துத் தண்ணி குடுங்க, எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்."

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கை அள்ளி வாயில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, தலையாட்டிவிட்டுத்தான் மோட்டார் போடுவார். நாற்றுக்காரனுக்கு நாக்குதான் மீட்டர் என்பார்.

"எதுக்கு மாப்ளே? தினம் நான் குடிக்கிற தண்ணி. எனக்குத் தெரியாதா?"

"கடல் கூப்பிடு தூரத்துல இருக்கே மாமா."

"இருக்கட்டுமே. அது அங்க இருக்கு, நாம இங்க இருக்கோம்."

பாசி சிரித்துவிட்டு விட்டுவிட்டான். நானும் சிரித்தேன்.

இவர் அந்தக் கஷாயத்தைக் கலந்த அழகைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு மருந்து ஊற்றுவதுபோல மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளந்தார். விதைகளைத் துணியில் கட்டி ஊறவைத்தார். உலர்த்தும்போது பக்கத்தில் என்னைத் தும்மக்கூட விடவில்லை.

ஒருநாள் காலையில் பந்தலிலிருந்து "ஏய், இங்க வா! ஓடி வா!" என்று சத்தம் கேட்டது. பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடினேன். அவர் தட்டுகளின் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குழிக்குக் குழி முளை. கழுத்தை வளைத்துக்கொண்டு, விதைத்தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக எழுந்து நின்றன. ஒரு குழிகூடக் காலி இல்லை.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்," என்றார். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது.  துடைப்பத்தை வைத்துக்கொண்டு அழுவது நன்றாக இருக்காது என்று உள்ளே வந்து அழுதேன்.

அன்றே அண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணே, குடோனுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க. நாத்து ஜம்முனு வந்துருச்சு." நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவே இல்லை. நான் தம்பிக்குப் போன் போட்டு, "நீ நல்லா இருப்படா பாசி," என்றேன். மிளகாய் போடுகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் தனக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். "வேற எங்கயும் சொல்லல. உங்கள நம்பித்தான் இருக்கேன்," என்றார்.

வித்திலைகளுக்குப் பிறகு நிஜமான இலைகள் விரியத் தொடங்கியபோது ஓரங்கள் பழுப்பாகின. இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல ஒரு கருகல். தாகம் என்றார் இவர். கூடுதலாகத் தண்ணீர் விட்டார். கருகல் உள்ளே ஏறியது. வெயில் என்றார், மேலே இன்னொரு வலை கட்டினார். நோய் என்றேன் நான். மத்தியானத்திலும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். விடவிட வாடின, வாடவாட விட்டார்.

பாசியை வரச் சொன்னேன். வந்தான். ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தான். நுனி வெந்தது போலிருந்தது. தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டே போனான். நல்ல வெயில். எங்கே போனாலும் தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் அவன். எங்கள் வீட்டிலும் அதைத்தான் குடிப்பான். அன்றைக்குப் பாட்டில் காலி. நேரே சமையலறைக்குப் போய்க் குடத்திலிருந்த கிணற்றுத் தண்ணீரை மொண்டு வாயில் ஊற்றினான். அடுத்த நிமிஷம் பின்வாசலில் துப்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா, குடத்துல உப்பு கிப்பு கொட்டிட்டியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாத்து போன எரிச்சல்ல இருக்கேன், நீ என் வீட்டுத் தண்ணிக்கு நொட்டை சொல்றியா?" அவன் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துக் காட்டினேன். தண்ணீர், தண்ணீர் மாதிரிதான் இருந்தது. இவரும் வந்து வாயில் வைத்து, நின்று, தலையாட்டினார். "நல்லாத்தானே இருக்கு மாப்ளே."

பாசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் உள்ளே படுத்திருப்பவரிடம் சொல்லக் கூடாததைத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு தெருமுனைக் கடைக்குப் போய், சீல் பிரிக்காத ஒரு பாட்டில் வாங்கிவந்து என் கையில் கொடுத்தான்.

"இதக் குடி."

குடித்தேன். இனித்தது.

"டேய், இதுல சர்க்கரை போட்டிருக்கான்," என்றேன்.

"இல்லக்கா," என்றான். "அதுதான் தண்ணி."

இவர் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். தலையாட்டவில்லை. விழுங்கிவிட்டு, வெளியே போய்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தண்ணீரே உப்பானால் எதைக் குடிப்பான் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. கடல் ஒரேயடியாக வந்திருந்தால் தெரிந்திருக்கும். அது ஒவ்வொரு சொட்டாக நிலத்துக்கு அடிவழியே கிணற்றுக்குள் வந்திருக்கிறது. நாங்களும் அதை ஒவ்வொரு சொட்டாகக் குடித்துப் பழகியிருக்கிறோம்.

தம்பியைத்தான் பிடித்துக் கத்தினேன். வேறு யாரிடம் கத்துவது? "உன் கஷாயத்த இன்னும் ரெண்டு மூடி சேத்து ஊத்தேன்! பெரிசா பேசினியே!"

"அது விதையத் தட்டி எழுப்பும். வேரக் கொஞ்சம் தாங்க வைக்கும். அவ்வளவுதான்கா அதால முடியும். ஒவ்வொரு தடவ ஊத்துறப்பவும் தண்ணி ஆவியாப் போயிடுது, உப்பு தட்டுலயே தங்கிடுது."

"வேற கிணறு வெட்டினா?"

"இங்க எங்க வெட்டினாலும் அதே கடல்தான்."

"மழை?"

அவன் தன் காலிப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான். "அன்னிக்கே அடம் பிடிச்சுத் தண்ணிய எடுத்துட்டுப் போயிருக்கணும்," என்றான். குரல் உடைந்திருந்தது.

"போயிருந்தா மட்டும் கடல் திரும்பிப் போயிருக்குமாடா?" என்றேன். அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினேன்.

எனக்கு அந்தக் கேனைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக முளைக்காமல் கிடந்த விதைகள்தான் எங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. இந்தக் கஷாயம் வந்து அவற்றின் வாயை அடைத்துவிட்டது.

மிளகாய்க்காரர் வந்தார். சண்டை போடுவார் என்று புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் தட்டுகளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், "எனக்கும் பருவம் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சண்டை போட்டிருக்கலாம்.

மானத்தை விட்டு அண்ணன் வீட்டுக்கு நானே போன் போட்டேன். ஓரகத்திதான் எடுத்தாள். "அவர்தான் வேணாம்னு சொல்லிட்டாரே. ஆள் வந்தாச்சு. மேல் ரூம்லதான் குடும்பத்தோட இருக்காங்க." குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வைத்திருப்பேன்.

 இவர் காலையில் தொட்டிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். இன்று காலை பந்தலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கருகியதையெல்லாம் தட்டிக் கொட்டி, தட்டுகளைக் கழுவி, புதுத் தூள் நிரப்பியிருந்தார். மிச்சமிருந்த விதைப் பொட்டலம் பக்கத்தில் இருந்தது. கேனைக் கவிழ்த்து, அடியில் தங்கியதைச் சொட்டுச் சொட்டாக மூடியில் பிடித்துக்கொண்டிருந்தார். வாளியில் தொட்டித் தண்ணீர்.

வாய்வரை வந்துவிட்டது. கிணற்றில் போட்ட கல் என்றும், பைத்தியமா உங்களுக்கு என்றும், என்னென்னவோ. அவர் நிமிரவில்லை. மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து விதைப் பொட்டலத்தைப் பிரித்து, துணியை விரித்தேன்.

"முளைக்கும்ல?" என்று கேட்டார்.

"முளைக்கும்," என்றேன். அதில் பொய் இல்லை. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.