ஏரிக்கரைமேல் ஒரு சமதரை

இளம்பிள்ளை வாதம் என் இரு கால்களையும் குழந்தைப் பருவத்திலேயே செயலிழக்கச் செய்தது. பாலக்கோட்டில் பூட்டும் குடையும் பழுது பார்த்து வாழும் தாவூது ஆகிய நான், முப்பத்தாறாம் வயதில் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்தறிந்து, பறவைகளைப் பற்றிய நூலொன்றை முற்றும் கற்றேன். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளே மார்கழியில் எங்கள் ஏரியில் இறங்குகின்றன என்பதை அதன் பின்னரே உணர்ந்தேன். ஆயினும் அவற்றைக் கண்டதில்லை. ஏரிக்கரை உயரமானது, சாலையிலிருந்து நோக்கினால் நீர் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும்.

பிறர் முதுகில் ஏறிச் சென்று காணலாமே என்பர். மூட்டையைப் போலத் தூக்கப்பட்டே வளர்ந்தவன் நான். இதையாவது, கையால் உந்திச் செல்லும் என் சிறு சக்கர வண்டியில் நானே சென்று காண விரும்பினேன். ஆகவே ஊராட்சித் தலைவர் முனிராஜிடம், கரைமீது ஏறச் சரிவும், மேலே சமமான பாதையும் வேண்டினேன்.

"கொக்கு பாக்கறதுக்கு ரோடா? அடுத்து ஆமைக்கு பஸ் வுடச் சொல்லுவ போல, பாய்!" என்று அவர் நகைத்தார்.

எனினும், அவ்வாண்டு வறட்சி நிவாரணப் பணிக்கு ஏதேனும் மண்வேலை தேவைப்பட்டதால் பாதை அமைந்தது. செம்மண் கொட்டி, நீர் தெளித்து, இறுக இடித்தனர். அத்துணைச் சீரான தரை எங்கள் பகுதியில் வேறெங்கும் இல்லை. கேடு அதனாலேயே விளைந்தது.

மறு ஆண்டு மழையில் ஏரி நிரம்பியது. மார்கழியில் ஒரு காலை நான் சரிவை அடைந்தபோது, அதன் அடி முதல் கரையின் கோடி வரை கேழ்வரகுக் கதிர்கள் பரப்பப்பட்டிருந்தன. பெரியம்மாள் என்னும் உழவர் குடிப் பெண் அவற்றைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஒதுக்குங்கம்மா, வண்டி போவணும்."

"ராகி மேலயா வண்டிய ஏத்துவீங்க? திங்கற பொருளுங்க, பாய்!"

"எனக்குன்னு போட்ட பாதைங்க இது."

"யாரு இல்லேன்னது? ராகி காயட்டும், அப்பறம் கொள்ளு காயட்டும். மாசிக்கு மேல நீங்களே ராசாவாட்டம் ஓட்டுங்க."

மாசியில் ஏரியில் சேறுதான் இருக்கும், வாத்துகள் இரா. ஆனால் தானியத்தின் மீது சக்கரத்தை ஏற்ற என் கையும் இசையவில்லை.

அருகில் நின்ற பெரியம்மாளின் கணவர் மாரியப்பன் குனிந்து முதுகைக் காட்டினார். "ஏறுங்க பாய், ஒரு நிமிசம்."

மறுத்தேன். அவர் முகம் வாடிற்று. அவரிடம் வஞ்சகம் சிறிதும் இல்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பம்.

"செரி, வாத்த உங்க கண்ணுல காட்டணும், அவ்ளோதானுங்களே? இருங்க."

கதிர்களை மிதிக்காது புல்மேட்டின் வழியே கரையேறிய அவர், துண்டைச் சுழற்றி, கைதட்டிக் கூவினார். வாத்துகள் யாவும் ஒருங்கே எழுந்தன. என் தலைக்கு மேல் சாம்பல் நிற வயிறுகள் விரைந்தன. தலையின் வரிகளைக் காணுமுன் அவை குன்றுக்கு அப்பால் மறைந்தன.

"பாத்தீங்களா பாய்?" என மேலிருந்து மகிழ்ச்சியோடு கேட்டார்.

"நல்லதாப் போச்சு. இனி ராகிக்கு வாய் வெக்காது," என்றார் பெரியம்மாள்.

வண்டியைத் திருப்ப முயன்றேன். கதிர்களுக்கும் சரிவின் அடியில் ஓடும் வாய்க்காலுக்கும் இடையே இடம் போதவில்லை. மாரியப்பன் ஓடி வந்து, நான் தடுக்கத் தடுக்க, வண்டியோடு என்னைத் தூக்கிச் சாலையை நோக்கி வைத்தார்.