தரையிறங்கும் காட்சி

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இருபத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணியளவில், திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலக ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற சக்கரபாணி, வயது அறுபத்து மூன்று, தம் வீட்டுக் குளியலறை வாசலில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். அடுத்து வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் கவிநிலாவின் திரைப்படத்துக்குக் கடைசி நாள் படப்பிடிப்பு. அன்று அந்த வீட்டுக்கு வந்தவர்களில் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில் பேசாதவர் ஒருவரும் இல்லை.

கணவரின் தாடையைக் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. அருணாதேவி அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வெளியே பந்தலில் தன் மகனின் தலைமுடியைப் பற்றிய விவாதம் நடப்பது காதில் விழுந்தது. இறந்தவரைப் பற்றிய பேச்சு அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துபோயிருந்தது. முப்பத்தொரு வருடம் ஜீப் ஓட்டி, ஒரு நாய்க்குட்டியைக்கூட அடிபட விடாத மனிதரைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. படம், முடி, படம், முடி. அவள் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

மாறனின் முடி தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. அக்காள் கவிநிலா எழுதி இயக்கும் படத்தில் அவன் ஒருவன்தான் நடிகன். பூமியிலிருந்து புறப்பட்ட ஒருவன் விண்கலத்தில் தனியாக ஆண்டுக்கணக்கில் பயணம் செய்து திரும்பி வருகிறான். இவ்வளவுதான் கதை. ஒப்பனைக்குப் பணம் இல்லாததால், கதையின் வரிசைப்படியே காட்சிகளை எடுப்பது என்றும், காலம் போவதை மாறனின் முடியே காட்ட வேண்டும் என்றும் கவிநிலா முதலிலேயே முடிவு செய்திருந்தாள். ஒருமுறை ஒட்டுமுடி வைத்துப் பார்த்து, மானிட்டரைப் பார்த்த மாத்திரத்தில் அவளே படப்பிடிப்பை நிறுத்திவிட்டாள். ஓராண்டில் முடித்திருக்க வேண்டிய படம் நான்கு ஆண்டுகள் ஆயிற்று. சந்திரத் தரையாக இருந்த கல்குவாரியில் மழைநீர் நிறைந்து ஒரு பருவம் முழுவதும் வடியவில்லை. பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் அமைத்த விண்கலத்தின் தெர்மகோல் சுவர்களை எலிகள் கொறித்துத் தின்றன. முதல் ஒளிப்பதிவாளர் பெரிய படம் ஒன்று கிடைத்ததும் போனவர், திரும்பவில்லை. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு காட்சி. அவன் தரையிறங்க வேண்டும். முகத்தருகே கேமரா வர வேண்டும். நான்கு ஆண்டு முடியும் முகத்தில் இருக்க வேண்டும்.

பந்தலில் பேசிக்கொண்டிருந்தவன் சக்கரபாணியின் தம்பி அன்பரசன். அடி அண்ணாமலையில் நிலமும், கிரிவலப் பாதையில் ஒரு கடையும் உடையவன். கொள்ளி வைக்கும் மகன் மயானத்திலேயே மொட்டையடித்து மீசையை எடுத்தாக வேண்டும் என்பது அவன் கட்சி. அதை எதிர்த்து யாரும் பேசாதபோதும் அவன் நிறுத்தவில்லை.

"அண்ணன் வாயாலயே சொன்னாரு. நான் செத்தாதான் இந்தப் பய முடிய எடுப்பான்னு. எத்தினி பேரு கேட்டிருக்கோம்? அது ஒண்ணுதான் அவரு கடைசி ஆசை."

உள்ளே இருந்த அருணாதேவிக்கு அது தெளிவாகக் கேட்டது. அந்த வாக்கியத்தைக் கணவர் சொன்னது உண்மை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, மகன் கேட்கும்படி, பலமுறை சொன்னார். குழம்பில் உப்புக் கம்மியானாலும் சாகப்போவதாகச் சொன்னவர்தாம் அவர். அதைக் கடைசி ஆசை என்று ஊரைக் கூட்டிச் சொல்ல இவனுக்கு என்ன உரிமை? இந்த நான்கு ஆண்டுகளும் கேமராப் பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு குவாரிக்கு வேனை ஓட்டியவர் அவர். ஓட்டிப் போய்ச் சேர்ந்ததும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை, ஒருநாளும் வரமாட்டேன் என்றதும் இல்லை. கொள்ளி வைக்கும்வரை பொறுக்காமல் அந்த மனிதரை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார்கள்.

நண்பகலில் சென்னையிலிருந்து வினோதினி வந்தாள். கவிநிலாவோடு கல்லூரியில் படித்தவள், படத்தின் பங்குதாரர். பெரிய ரோஜா மாலையைச் சாத்திவிட்டு, இரண்டு நிமிடம் முறையாகக் கைகூப்பி நின்றுவிட்டு, கவிநிலாவைச் சமையலறைக்குள் அழைத்துச் சென்றாள். விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போன அருணாதேவி கதவருகே நின்றுவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காத கவி. உங்க சித்தப்பா பேசறதப் பாத்தா எப்படியும் மொட்டை அடிச்சிருவாங்க. கேமரா வண்டியிலதான் இருக்கு. தூரத்துல நின்னு ஒரே ஷாட். திரும்பி வந்தவன் மொட்டை அடிச்சுக்கறான், பின்னாடி மலை. நாம எழுதினதவிட இது நல்லா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்கு மேலும் கவிநிலா பேசாமல் நின்றாள். அவளுடைய கண்கள் அடுப்பு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவள் அடுப்பு மேடையைப் பார்க்கவில்லை என்பது பெற்றவளுக்குத் தெரிந்தது. ஒரு காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போது அவள் அப்படித்தான் நிற்பாள்.

அருணாதேவி உள்ளே நுழைந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

"வினோதினி, மாலை போட்டாச்சு இல்ல? நீ இருக்கலாம், சாவு வீட்ட விட்டு யாரையும் நான் போகச் சொல்லமாட்டேன். ஆனா அந்தப் பொட்டி வண்டிய விட்டு வெளிய வரக்கூடாது. என் வீட்டுக்காரரு உங்க படத்துல நடிக்கல."

"ஆன்ட்டி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் இதான்."

வினோதினி வெளியே போன பிறகு தாயும் மகளும் அங்கேயே நின்றார்கள்.

"நீ என்னா சொல்லப் போன?"

"தெரியலம்மா," என்றாள் கவிநிலா. பிறகு, "நெஜமாவே தெரியல," என்றாள்.

மகளை அறைய வேண்டும் என்றும், அவள் கேட்டதையெல்லாம் யாரிடமிருந்தாவது பிடுங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஒருசேரத் தோன்றியது. அருணாதேவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனாள். துக்கத்தில் இருப்பவள் ஆண்கள் நடுவே வந்து நின்றதும் பேச்சு அடங்கியது. மாறன் ஈர வேட்டியோடு பந்தற்காலருகே நின்றிருந்தான்.

"அன்பு, உங்க அப்பா போனப்ப பத்தாம் நாள் உனக்கு வேலைக்கு இன்டர்வியூ. மொட்டைத் தலையோட போனா நல்லா இருக்காதுன்னு, உங்க அண்ணன்தானே உன் மொட்டைய பதினாறாம் நாள் கருமாதிக்குத் தள்ளி வெச்சாரு? அன்னிக்கு நீ வாயத் தொறந்தியா?"

"அது வேலை அண்ணி. இது கூத்து."

"எம் பொண்ணுக்கு இதான் வேலை. பதினாறாம் நாள் எடுத்துக்கட்டும். இன்னிக்கு அவன் தலையில கத்தி வெக்கக்கூடாது."

அன்பரசன் தன் தோள்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டான். தீட்டு நாளில் படப்பிடிப்பா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அருணாதேவி அந்தத் திசையைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றது. "உங்க இஷ்டம் அண்ணி. ஊரு பேசும்," என்றான் அன்பரசன். அது பேசாமல் இருந்தது எப்போது என்று அவள் கேட்டாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, விளக்கேற்றிவிட்டு, அருணாதேவி வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். தான் சாதித்தது சரிதானா என்று அவள் யோசிக்கவில்லை. சரி என்பதில் அவளுக்கு ஐயம் இல்லை. கவிநிலா பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வர வேண்டியவர்களுக்குத் தாழ்ந்த குரலில் போன் செய்துகொண்டிருந்தாள்.

ஆண்கள் திரும்பியபோது மாறன் கடைசியில் வந்தான். மொட்டை. மீசை இல்லை. நான்கு ஆண்டு வெயில் படாத தலைத்தோல் சாம்பல் வெளுப்பாக இருந்தது.

கவிநிலாவின் கையிலிருந்த போனில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அருணாதேவி எழுந்து அன்பரசனை நோக்கி நடந்தாள். "அவ்ளோ பேரு முன்னாடி ஒத்துக்கிட்டு, நான் வர முடியாத எடத்துல போயி உன் இஷ்டத்த முடிச்சுக்கிட்ட இல்ல?"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல அண்ணி." அவன் குரலில் காலையில் இருந்த உறுதி இல்லை. "வேணாம்டா, உங்க அம்மா வையும்னுதான் சொன்னேன். கேக்கல."

"யாரும் சொல்லலம்மா," என்றான் மாறன். "நானேதான் உக்காந்தேன்."

"ஏன்டா?"

அவன் வாளித் தண்ணீரில் கால்களை நனைத்தான்.

"கொடத்தோட சுத்தி வரும்போது தண்ணி தலையில ஊத்திச்சு. முடியெல்லாம் மூஞ்சில ஒட்டிக்கிச்சு. ரெண்டு கையும் கொடத்துல. கடைசியா அப்பா மூஞ்சப் பாருங்கன்னாங்க. எனக்குத் தெரியல. முடிதான் தெரிஞ்சுது. கொடத்த ஒடச்சப்புறமும் ஒதுக்க ஒதுக்க மறுபடி வந்து விழுந்துச்சு." அவன் அக்காளைப் பார்க்கவில்லை. "என்னை யாரும் கேக்கல. நானும் சொல்லல. மொகத்த மூடறதுக்குள்ள பாத்துடணும்னு, வழிச்சுடுங்கன்னு உக்காந்துட்டேன். முழுசாப் பாத்தேன்."

திட்டுவதற்கு அந்த வாசலில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பது அருணாதேவியின் கோபத்தைக் குறைக்கவில்லை.

கவிநிலா எழுந்து தம்பியின் அருகே போனாள். அவனுடைய தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காதுக்குப் பின்னால் பார்த்தாள். "கீறிட்டிருக்காங்க," என்றாள். உள்ளே போய்ப் பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவானது இது. ஞாயிற்றுக்கிழமைப் படப்பிடிப்பு கிடையாது. ஒட்டுமுடி வைத்து எடுக்கலாம் என்று மாறன் சொன்னதையும், முடி வளரும்வரை காத்திருக்கலாம் என்று, சென்னைக்குத் திரும்பியிருந்த வினோதினி போனில் சொன்னதையும் கவிநிலா ஏற்கவில்லை. கருமாதி முடிந்ததும் அவள் படத்தொகுப்புக்காகச் சென்னைக்குப் போவாள். தரையிறங்கும் காட்சி எடுக்கப்படாது. விண்கலத்தின் சன்னலுக்கு வெளியே பூமி வரத் தொடங்குகிற இடத்தில் படம் நிறுத்தப்படும். அவன் வந்து சேர்ந்தானா என்பதைப் படம் சொல்லாது.