கல்கதவுக்குப் பின்னால் இருந்தவள்

1974ஆம் ஆண்டு வசந்தத்தில், தென் கொரியாவின் கியோங்ஜு நகரத்தில் ஒக்புன் வீட்டை ஒட்டியிருந்த புதைமேட்டைத் திறந்தபோது, பழங்கால அரசன் ஒருவன் எலும்பாகக் கிடந்தான். அவன் காலடியில் கிடந்த பெண் எழுந்து உட்கார்ந்து, வழி காட்டியது யார் என்று கேட்டாள். அன்று வெயில் நன்றாக அடித்தது. மறுநாள் செய்தித்தாளில் பொன்முடி ஒன்று, பச்சைக்கல் மணிகள் இருநூற்றுப் பதினான்கு, குதிரைச் சேணம் ஒன்று என்று பட்டியல் வந்தது. அவளைச் சேர்க்கவில்லை; படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வழி காட்டியது ஒக்புன்தான். கணவனை இழந்தவள், சந்தையில் சோயா முளை விற்றுப் பிழைத்தவள். அவள் சமையலறையின் பின்சுவரே அந்த மேடுதான். கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு கல்கதவு இருந்தது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தொல்லியல் ஆய்வாளன் மின் தேசொப் மூன்று ஆண்டுகள் அவள் வீட்டில்தான் குடியிருந்தான். அவளை அக்கா என்றே கூப்பிட்டான். அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவள்தான் கஞ்சி ஊட்டினாள். மேடுகளைச் சுற்றியுள்ள வீடுகளை இடித்துப் பூங்கா அமைக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் அவன் சொன்னான்: "வாசல் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்கக்கா. காவலுக்கு ஒரு வீடு வேணும்னு எழுதி, உங்க வீட்டைக் காப்பாத்திடறேன்." அவள் ஜாடிகளை நகர்த்திக் காட்டினாள். பதினோராம் நாள், தெருவிலேயே முதலாவதாக அவள் வீடு இடிக்கப்பட்டது. வாசல் அங்கே இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த தாளில் அவன் கையெழுத்து இருந்தது. கேட்டபோது, மேலிடத்து முடிவு என்று சொல்லிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அதனால், புதைகுழியிலிருந்து அந்தக் கேள்வி வந்தபோது ஒக்புன் வேலிக்கு வெளியே மூட்டையோடு நின்றிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். பேச்சு பழையது, ஆனால் புரிந்தது. சாபம் விழப்போகிறது என்று தோண்டியவர்கள் பின்வாங்கினார்கள். தேசொப் சட்டென்று கையை நீட்டினான்.

"நான் இல்ல. அதோ, அந்தப் பொம்பளைதான் காட்டினா."

மூன்று ஆண்டுகளில் அவன் அவளை அக்கா என்று சொல்லாதது அன்றுதான்.

ஒக்புன் மறுக்கவில்லை. "நான்தான் காட்டினேன். என் வீட்டை விட்டுடுவாங்கன்னு சொன்னான், நம்பிட்டேன்."

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "என்னையும் அப்படித்தான் அனுப்பினாங்க, அக்கா. விளக்கை வெச்சிட்டு வந்துடு, அதுவரைக்கும் கதவு திறந்தே இருக்கும்னாங்க." பிறகு மண்ணை உதறிக்கொண்டு மேலே ஏறி வந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மாற்றுக் குடியிருப்பில் அவர்களுக்கு மூன்றாம் மாடி கிடைத்தது. எழுத்தர் என்ன உறவு என்று கேட்டார். தங்கை என்றாள் ஒக்புன். அவர் எழுதிக்கொண்டார். தேசொப் தன் அறிக்கையில் 'பணிப்பெண், எலும்புகள் முழுமையாக' என்று எழுதிப் பேராசிரியரானான். ஒன்பதாம் ஆண்டில் அவன் குறிப்பேட்டோடு சந்தைக்கு வந்து, ஒக்புனோடு முளை விற்றுக்கொண்டிருந்த தங்கையிடம் அரசனின் பெயர் என்ன என்று கேட்டான்.

"எல்லாரும் அவர் பேரையே கேக்கறீங்க. என் பேரைக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

அவன் குறிப்பேட்டைப் புரட்டினான். ஒக்புன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முளை வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா நகருங்க. ஆளுங்க நிக்கறாங்க."

அவன் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள், "மிரே, எனக்கு ரெண்டு கைப்பிடி" என்றாள். மிரே மூன்றாக அள்ளிப் போட்டாள்.