சின்ன பாட்டில்கள்

வெயில் காலம் முடிந்து இலைகளின் ஓரம் பழுக்கத் தொடங்கும் வாரத்தில் நான்கு நாள் லீவு போட்டு மலைக்குப் போவது அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். மலைக்குப் போகிறவர்கள் அருவி பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். இவர்கள் வாடகை வீட்டு அடுப்படியில் இரண்டு கூடை பிளம்ஸ் பழத்தோடு மல்லுக்கட்டி, ஒரு வருஷத்துக்கு ஆகிற ஜாமைக் கிளறி எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி ஊர் திரும்புவார்கள். கேட்டால், ஓய்வெடுக்கப் போனோம் என்பார்கள்.

அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இருநூறு பிள்ளைகளுக்குத் தலைக்கு எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்து போடுவாள். ஒரு கரண்டி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கரண்டியம்மா என்று பிள்ளைகள் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் அதையும் சுருக்கி, கரண்டி என்றே கூப்பிடுவார்.

இந்த வருஷம் அவள் நெஞ்சில் ஒரு பாறாங்கல் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் அவளை மட்டும் தனியாக நாலாம் மாடிக்குக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் புது வருஷம் தாண்டுறது கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார். கீழே காத்திருந்த புருஷனிடம், "உங்களுக்கு வயித்துல புண்ணுதானாம், மாத்திரை போட்டா ஆறிடுமாம்" என்று கூசாமல் புளுகினாள். இந்த நான்கு நாளை மட்டும் அவர் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாகக் கழிக்க வேண்டும். திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம். அவள் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. வாசலில் நாற்காலி போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவர் பழங்களைக் கீறிக் கொட்டை எடுத்தார். வெயில் இளஞ்சூடாக முதுகில் விழுந்தது. முன்பெல்லாம் பத்துப் பழத்துக்கு நான்கு அவர் வாய்க்குள் போகும். இப்போது ஒன்றே ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணாவது தின்னுங்களேன்."

"திருடித் தின்னாத்தான் ருசி. நீ பாத்துக்கிட்டே இருந்தா எப்படித் தின்னுறது?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகம் கழுவினாள்.

மூன்றாம் நாள் காலையில் ஜாம் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் பாட்டில்கள் வெந்நீரில் கொதித்தன. அவற்றை இடுக்கியால் எடுத்துத் துணியில் கவிழ்ப்பது எப்போதும் அவர் வேலை. முதல் பாட்டிலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கரண்டி, இருமல் மருந்து ஊத்தப் போறியா?"

அப்போதுதான் அவளே பார்த்தாள். எல்லாம் சின்ன பாட்டில்கள். வருஷா வருஷம் வாங்குவது ஒரு லிட்டர் பாட்டில். திறந்தால் இரண்டு பேருக்குப் பத்து நாளில் தீரும். ஒருத்தி மட்டும் தின்றால் பாதியிலேயே பூசணம் பூத்துவிடும். முந்தாநாள் கடையில் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. தலைக்கு இவ்வளவு என்று அளந்தே பழகிய கை, அவளைக் கேட்காமல் தானாகவே ஒரு தலையைக் கழித்துவிட்டிருந்தது.

"கடையில பெருசு இல்லீங்க."

"நானும்தானே வாசல்ல நின்னேன். ரெண்டு தட்டு நிறைய இருந்துச்சு."

அவள் கரண்டியைப் போட்டுக் கிண்டு கிண்டென்று கிண்டினாள். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இங்க பாரு. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டை பதினோரு வருஷம் நான்தான் பாத்தேன். நாலாம் மாடியிலேர்ந்து இறங்கி வர்றவங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீ நல்லாத்தான் புளுகினே. மூஞ்சிதான் ஒத்துழைக்கல."

அவள் கரண்டியை அடுப்போரமாக வைத்தாள்.

"செத்துப்போறது பத்தி நான் பேச வரல. இந்த பாட்டிலப் பத்திப் பேசுறேன். இத மாத்திக்கிட்டு வா."

"கொதிக்க வெச்சாச்சுங்க. மாத்தித் தர மாட்டான்."

"அப்ப புதுசு வாங்கு. பெரிய பாட்டில் திறந்தா சீக்கிரம் தீர்க்கணும்ல? வீணாகுதேன்னு உனக்கு மனசு அடிச்சுக்கும். அப்பவாவது கீழ்வீட்டு டெய்லரம்மாவக் கூப்பிடுவே. ரெண்டு வருஷமா ஒரு குக்கருக்காகப் பேசாம இருக்கியே, உன் தங்கச்சி, அவ வீட்டுக்கும் போவே. சின்னதா இருந்தா கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையிலயே தின்னுருவே. உன்னை எனக்குத் தெரியும்."

"தங்கச்சி வாங்கிக்கலைன்னா?"

"தூக்கிக்கிட்டு வாசல்ல நில்லு. கை வலிக்குதுன்னு சொல்லு. திறப்பா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு தோற்றது. அவர் முன்னால் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, பிசுபிசுத்த அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கேதான். நீ லிஃப்டை விட்டு வெளிய வந்தியே, அப்பவே."

இருபத்திரண்டு நாள். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாளெல்லாம் அவர் கூடத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மந்தமாகிவிட்டது என்று அவள் கடிந்துகொண்டது இப்போது ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவரும் அழுதிருக்கிறார். அவள் தனியாகி விடக் கூடாதே என்று இத்தனை பாடுபடுகிற மனுஷனை, ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு நாள் தனியாக அழ விட்டிருந்தாள்.